செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும்

கிளட்ச் மாற்றுவது என்ன பெரிய வித்தையா என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது கார்பெட்காரர்தான். அவரை யாரும் தூண்டிவிடவில்லை. சாப்பாட்டு மேசையில் மனைவி, மகள், மச்சான் என்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இவர் கையைத் துடைத்துக்கொண்டே, "நாலு போல்ட்டக் கழட்டணும், அதே நாலு போல்ட்டத் திருப்பி மாட்டணும். இதுக்கு எதுக்கு மெக்கானிக்? நானே மாத்திடுவேன்" என்று சொல்லிவிட்டார். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவர் ஒரு புருவத்தை மட்டும் மெல்லத் தூக்கி இறக்கினார். அது போதாதா? அதற்கப்புறம் பின்வாங்கினால் மானம் என்ன ஆவது?

வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் கார்பெட் விரிப்பது அவர் தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் கார்பெட்காரர்தான். பெற்றோர் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். தொழிலுக்கென்று ஒரு பழைய வேன் வைத்திருந்தார். முன்னால் டிரைவர் சீட்டும் பக்கத்தில் இன்னொரு சீட்டும், பின்னால் கார்பெட் சுருள்களை நீட்டிப் போட இடமும் உள்ள வேன். அதன் கிளட்ச் தேய்ந்து போய், மேடு ஏறும்போது என்ஜின் மட்டும் ஊரைக் கூட்டும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும். சமதரையில் சமாளித்துவிடலாம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது மலை ஏற வேண்டியிருந்தது.

மகளுக்கு மலை மேல் இருக்கும் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை கிடைத்திருந்தது. முதல் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிறு மாலைக்குள் போய் விடுதியில் அறைச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கப்புறம் விடுதி ஆபீஸைப் பூட்டிவிடுவார்கள். "பாப்பாவை நான்தான் கொண்டுபோய் விடுவேன்" என்று கார்பெட்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். மகள் வளர்ந்து, படித்து, சம்பாதிக்கக் கிளம்பிவிட்டாள். அவருக்கு மட்டும் இன்னும் பாப்பா.

அவர் அப்படி அடம்பிடித்ததற்குக் காரணம் இருந்தது. ஆபீஸ்களில் கார்பெட் விரிக்க வேண்டுமென்றால் ஆபீஸ் காலியாக இருக்க வேண்டும். அதாவது ஊருக்கெல்லாம் லீவு என்றால் அவருக்கு வேலை. மகள் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தபோது அவர் ஏதோ ஒரு மீட்டிங் ஹாலில் மண்டியிட்டுக்கொண்டிருந்தார். கல்லூரி விடுதியில் சேர்ந்தபோதும் மச்சான்தான் தன் காரில் கொண்டுபோய் விட்டார். அன்று சாயங்காலம் மகள் போனில், "மாமா நல்லா பாத்து விட்டுட்டாருப்பா, நீங்க கவலப்படாதீங்க" என்றாள். அந்த வார்த்தை அவர் மனதில் சின்ன முள்ளாகத் தைத்து இன்னும் அங்கேயே இருந்தது. இந்த முறை அப்படி நடக்கவே கூடாது. மலை வரைக்கும் பாதி நாள் பயணம், அப்பாவும் மகளும் மட்டும். மனைவிக்கு அன்று மதியம் மேட்ச். அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. குழந்தைகளை விட்டுவிட்டு வர முடியாது, அடுத்த வாரம் போய்ப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

சரி, வேலை நடந்த கதைக்கு வருவோம். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, வீடியோ பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரையும் துணைக்கு அழைத்து, முட்டி மோதி, கெட்ட வார்த்தைகளை வாய்க்குள்ளேயே மென்று முழுங்கி, எப்படியோ கியர் பாக்ஸை இறக்கிவிட்டார். பழைய கிளட்ச் பிளேட் அப்பளம் மாதிரி தேய்ந்திருந்தது. புதுசை மாட்டினார். கியர் பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் சின்ன சிலிண்டர் கசிந்துகொண்டிருந்தது, அதையும் மாற்றினார். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் மேலே ஏறி உட்கார்ந்து, வண்டியும் ஜாக்கியிலிருந்து இறங்கியபோது, மீதியாக ஒரு போல்ட்கூடக் கையில் இல்லை. அந்தப் பெருமையை அவர் வீட்டில் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

வேலை அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கியர் ராடைக் கழற்றுவதற்காக வேனுக்குள் இருந்த பழைய ரப்பர் விரிப்பைப் பிய்த்து எறிந்திருந்தார். கீழே வெறும் தகரம். அதைப் பார்த்ததும் கார்பெட்காரருக்குள் இருந்த கார்பெட்காரர் விழித்துக்கொண்டார். இந்த வேனில் வரும்போதெல்லாம் "கால் சில்லுனு இருக்குப்பா" என்று மகள் சொல்லாத நாள் கிடையாது. மலையில் ஏறும்போது கேட்கவே வேண்டாம். உடனே பின்பக்கம் சுருட்டி வைத்திருந்த சிவப்புக் கார்பெட்டை இழுத்தார். ஒரு பெரிய ஹோட்டல் ஹாலுக்குப் போட்டதில் மிச்சம். முழங்கால் வைத்தால் முழங்கால் காணாமல் போகும், அப்படி ஒரு அடர்த்தி. அடியில் மெத்தை கொடுக்காமல் கார்பெட் விரிக்கிறவன் கார்பெட்காரனே இல்லை என்பது அவர் கொள்கை. ஆகவே அடியில் ஒரு ஸ்பாஞ்ச் மெத்தை. தகரம் கொஞ்சம் மேடுபள்ளமாக இருக்கிறதே என்று முன்பக்கம் இன்னொரு ஸ்பாஞ்ச். மூலை முடுக்கெல்லாம் வெட்டி, பசை தடவி, ஓரங்களைச் சொருகி முடித்தபோது வேனின் தரை கல்யாண மேடை மாதிரி இருந்தது. ஒரு அட்டையில் 'செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுத்தான் தூங்கப் போனார்.

ஞாயிறு காலையில் மகள் கதவைத் திறந்து பார்த்து ஒரு கூச்சல் போட்டாள். "அப்பா! என்னப்பா இது! ராஜா வீட்டு வேனா?" செருப்பை உதறிவிட்டு ஏறி, கால் விரல்களைக் கார்பெட்டில் புதைத்துப் புதைத்து எடுத்தாள். கார்பெட்காரர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

மிச்சம் இருந்தது ஏர் எடுக்கும் வேலை. இந்த வேனின் கிளட்ச் ஆயிலில் இயங்குவது. பெடலை மிதித்தால் ஆயில் குழாய் வழியாக ஓடி, கீழே இருக்கும் சிலிண்டரைத் தள்ளும். சிலிண்டர் கிளட்ச்சைப் பிரிக்கும். சிலிண்டரை மாற்றியதால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். காற்று இருந்தால் பெடலை மிதிக்கும்போது அதுதான் அமுங்கிக்கொள்ளுமே தவிர, சிலிண்டர் அசையாது. எனவே ஒருவர் மேலே பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கீழே படுத்துக்கொண்டு திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். இரண்டு பேருக்கும் பேச்சு ஒத்துப்போக வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கார்பெட்காரருக்கும் மனைவிக்கும் ஒத்துப்போன பேச்சை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"அமுக்குன்னு சொன்னா அமுக்கணும். விடுன்னு சொன்னா விடணும். நடுவுல எதுவும் கேக்கக் கூடாது" என்றார் வேனுக்கு அடியில் இருந்து.

"அங்கேருந்து நீங்க சொல்றது கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க ஸ்பேனரால தட்டுங்க, நான் விசில் அடிக்கறேன்" என்றாள் மனைவி. விசில் கழுத்தில் எப்போதும் தொங்குவதுதான்.

அப்படியே ஆயிற்று. அவர் ஒரு தட்டு தட்டினால் அவள் பெடலை மிதித்து, ஒரு விசில். இரண்டு தட்டு தட்டினால் காலை எடுத்து, இரண்டு விசில். டங், பீப். டங் டங், பீப் பீப். எதிர்வீட்டு மாடியில் ஒருவர் எட்டிப் பார்த்து, "யாரு ஜெயிக்கறாங்க?" என்று கேட்டார். குழாயிலிருந்து குமிழ் குமிழாக வந்த ஆயில் கடைசியில் குமிழே இல்லாமல் வர ஆரம்பித்தது. பெடல் கெட்டியாக நின்றது. கார்பெட்காரர் வெளியே உருண்டு வந்து, முதுகில் இருந்த மண்ணைக்கூடத் தட்டாமல், செருப்பை மட்டும் ஞாபகமாகக் கழற்றிவிட்டு ஏறி, என்ஜினைப் போட்டு, கிளட்ச்சை மிதித்து, ரிவர்ஸ் கியரைத் தள்ளினார்.

கர்ர்ர்ர்.

பல்லைப் பிடுங்குவது போன்ற சத்தம். மகள் காதைப் பொத்திக்கொண்டாள். என்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளினார்; கியர் வெண்ணெயில் கத்தி போல விழுந்தது. மறுபடி என்ஜினைப் போட்டார். கர்ர்ர்ர். ஆக, மிதித்தாலும் கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை.

"இன்னும் ஏர் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மீண்டும் அடியில் புகுந்தார். இன்னொரு சுற்று ஆட்டம் நடந்தது. மறுபடியும் கர்ர்ர்ர். மனைவிக்குக் கால் வலித்ததால் மகள் ஏறி உட்கார்ந்தாள். அவள் சும்மா மிதிக்கிறவள் இல்லை. நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் கண்டுபிடிக்க முயற்சி செய்கிறவள்.

"அப்பா, பெடல் மேல கெட்டியாத்தான் இருக்கு. அடியில போய் மெத்துனு நிக்குது."

"மெத்துனு நின்னா காத்துதான் பாப்பா. வேற என்ன?"

"எனக்கென்னவோ..."

"நீ மிதி. அப்பா பாத்துக்கறேன்."

பாத்துக்கறேன் என்றவர் பார்க்காத இடமில்லை. குழாய் மூட்டுகளைத் துடைத்துத் துடைத்துத் தொட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு கசிவில்லை. மேலே ஆயில் டப்பா நிறைந்திருந்தது. சிலிண்டரைத் தலைகீழாக மாட்டிவிட்டோமோ என்று பார்த்தார். திருகு மேல்பக்கம்தான் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. கியர் மட்டும் விழ மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றது. வெயில் சுவரிலிருந்து இறங்கி முற்றத்துக்கு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் வந்தார். கூரையில் பெரிய எல் போர்டு வைத்த கார், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. மருமகளை வழியனுப்ப வந்திருந்தார். இறங்கும்போதே நிலவரம் புரிந்துவிட்டது அவருக்கு.

"என்ன மாப்ள, நாலு போல்ட்டும் சுகமா இருக்கா?"

"வாங்க மச்சான்" என்றார் கார்பெட்காரர், தரையோடு தரையாக.

"எங்க வண்டியில எனக்கொண்ணு, கத்துக்கறவங்களுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கிளட்ச் பெடல் இருக்கு. வேணும்னா ஒண்ணக் கழட்டிக்கோங்க."

"அண்ணா, நீங்க வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றாள் மனைவி. "வந்து என்னன்னு பாருங்க முதல்ல."

மச்சான் ஏறப் போனார். "மச்சான், ஷூ!" என்று அடியிலிருந்து குரல் வந்தது. மச்சான் அட்டையைப் படித்தார். பிறகு ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தள்ளாடி, இரண்டு ஷூவையும் கழற்றினார். "சாக்ஸோட கிளட்ச் மிதிச்சு எனக்குப் பழக்கமில்ல மாப்ள. கால் எங்க போய் நிக்குதுன்னே தெரியல" என்று முனகிக்கொண்டே மிதித்துப் பார்த்தார். என்ஜினைப் போட்டார். கர்ர்ர்ர். அணைத்துப் பார்த்தார். இறங்கி, ஷூவை மாட்டி, லேஸ் கட்டி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"ஏர் இல்ல. கசிவு இல்ல. அப்போ பாக்கி இருக்கறது ஒண்ணுதான். பிளேட்டத் திருப்பி மாட்டியிருக்கீங்க மாப்ள."

கார்பெட்காரர் நேற்றைய வேலையை நினைத்துப் பார்த்தார். பிளேட்டை மாட்டும்போது ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, கார்பெட்டில் காபி கொட்டிவிட்டது என்ன செய்வது என்று கேட்டார். பிளேட்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினார். திரும்ப எடுத்தபோது எந்தப் பக்கமாக எடுத்தார்? சரியான பக்கம்தான். சரியான பக்கம்தானா? எத்தனை முறை யோசித்தாலும் அந்தக் காபிக் கறைதான் ஞாபகத்துக்கு வந்ததே ஒழிய, பிளேட் வரவில்லை.

"அப்படின்னா கியர் பாக்ஸ மறுபடி இறக்கணும்" என்றார் மெதுவாக.

"இறக்கணும். இன்னிக்கு ஆகற வேலையா அது? ஞாயித்துக்கிழமை, ஒரு ஒர்க்‌ஷாப்பும் திறந்திருக்காது. எட்டு கை இருந்தாலும் ஆகாது." மச்சானின் குரலில் இப்போது கிண்டல் இல்லை. "விடுங்க மாப்ள. பாப்பாவ நான் கொண்டுபோய் விட்டுடறேன். இப்பக் கிளம்பினாத்தான் சாவி வாங்க முடியும்."

மனைவி விசிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. பெரிய மனுஷன் கிளட்ச்சுக்காக அழுதான் என்று பேர் வந்துவிடக் கூடாதே என்று ஆயில் துணியால் முகத்தைத் துடைத்தார். முகம் முழுக்கக் கறுப்பாகிவிட்டது.

"மாமாகூடப் போயிட்டு வா பாப்பா. மாமா வண்டி நல்ல வண்டி" என்றார்.

"நாளைக்கு லீவு கேட்டுப் பாக்கட்டுமாப்பா?"

"முதல் நாளே லீவா? நல்லா இருக்கு கதை! போ, போ. நேரமாகுது."

பெட்டிகள் மச்சானின் காருக்கு மாறின. மகள் ஏறி உட்கார்ந்தாள். மச்சான் சாவியைத் திருகப் போகும்போது, "ஐயோ, சார்ஜர்!" என்று இறங்கி வீட்டுக்குள் ஓடினாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள், ஏறினாள், பைக்குள் துழாவினாள், மறுபடி இறங்கி ஓடினாள். "தலைய மறக்காம வந்தியே அதுவரைக்கும் சந்தோஷம்" என்றார் மாமா, ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே.

கார்பெட்காரரால் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வேன் பக்கம் போனார். கியர் பாக்ஸை மறுபடி இறக்குவதென்றால் கார்பெட்டின் நடுப் பகுதியைப் பெயர்க்க வேண்டியிருக்கும். பெயர்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை தடவிக் கொடுக்கலாம் என்று, செருப்பைக் கழற்றிவிட்டு, கதவோரமாக மண்டியிட்டுக் குனிந்தார். தொழில் புத்தி, கை தானாகப் போயிற்று. பெடல்களுக்குப் பின்னால் வரை தடவியவர் சட்டென்று நிறுத்தினார்.

கிளட்ச் பெடலுக்கு நேர் கீழே கார்பெட் நசுங்கிக் கிடந்தது.

முதலில் வந்தது கோபம்தான். 'எவன் இங்க என்னத்தக் கொண்டுவந்து வச்சான்?' நேற்று விரித்த கார்பெட்! சோபாக் காலும் அலமாரிக் காலும் கார்பெட்டில் விட்டுப்போகும் தடத்தை அவர் ஆயிரம் வீடுகளில் பார்த்திருக்கிறார். எந்தத் தடம் எந்தச் சாமானுடையது, எவ்வளவு கனம் உட்கார்ந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். இதுவும் அப்படித்தான். சதுரமாக, ஓரம் மழுங்கி, உள்ளங்கை அகலத்தில் ஒரு தடம். பிரேக்குக்குக் கீழே இல்லை. ஆக்ஸிலேட்டருக்குக் கீழே இல்லை. கிளட்ச்சுக்குக் கீழே மட்டும்.

ஏதோ ஒன்று இங்கே திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. காலையிலிருந்து. விசில் சத்தத்தோடு.

கார்பெட்காரர் ஒரு விரலைத் தடத்துக்குள் வைத்து அழுத்தினார். கார்பெட், அதற்குக் கீழே ஒரு மெத்தை, அதற்குக் கீழே இன்னொரு மெத்தை. விரல் புதைந்துகொண்டே போயிற்று. பெடல் தகரத்தைத் தொடும் வரை போக வேண்டியது. பாவம், அதைப் பாதி வழியிலேயே பஞ்சு மெத்தையில் உட்கார வைத்து, 'ஏன் முழுசா வேலை செய்யல' என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்! அடியில போய் மெத்துனு நிக்குது என்று மகள் வாய்விட்டே சொன்னாளே!

"அட முட்டாளே!" என்றார் தனக்குத்தானே, சத்தமாக. திட்டு வாங்கியதில் இவ்வளவு சந்தோஷம் அவருக்கு வாழ்க்கையிலேயே வந்ததில்லை.

பின்பாக்கெட்டில் கொக்கிக் கத்தி எப்போதும் இருக்கும். எடுத்தார். எடுத்த கை ஒரு கணம் நின்றது. ஒட்டிய கார்பெட்டை நடுவில் வெட்டுவது அவர் தொழிலில் பாவம். நேற்று கண்ணும் கருத்துமாக இழைத்த வேலை அது. வெளியே மச்சானின் கார் உறுமுவது கேட்டது. கத்தியை ஊன்றினார், ஒரே இழுப்பு. இன்னொரு இழுப்பு. அரைவட்டமாகக் கார்பெட், மெத்தை, இரண்டாவது மெத்தை எல்லாம் கேக் துண்டு போலப் பெயர்ந்து வந்தது. அடியில் தகரம் பளிச்சென்று தெரிந்தது.

தாவி ஏறி மிதித்தார். டங்! பெடல் தகரத்தைத் தொட்டது. என்ஜினைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு ரிவர்ஸ் கியரைத் தள்ளினார். ஒரு சத்தமும் இல்லை. என்ஜின் அணைந்துவிட்டதோ என்று பயந்து கண்ணைத் திறந்தார். அணையவில்லை. கியர் விழுந்திருந்தது. வேன் பூனை மாதிரி பின்னால் நகர்ந்தது.

அதற்குள் மச்சானின் கார் கேட்டைத் தாண்ட முன்சக்கரத்தை எடுத்துவிட்டது. கார்பெட்காரர் ஹாரனை அழுத்தினார். பழைய வேனின் ஹாரன் வெளியே கேட்கிற ஜாதி இல்லை. கையசைத்துக்கொண்டிருந்த மனைவி மட்டும் திரும்பிப் பார்த்தாள். வேன் தானாக நகர்வதையும், உள்ளே கரி பூசிய முகம் ஒன்று பல்லெல்லாம் தெரியச் சிரிப்பதையும் பார்த்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. விசிலை வாயில் வைத்து ஊதினாள் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் இருபது பிள்ளைகளை ஒரே நேரத்தில் நிறுத்தும் விசில்! மச்சானுக்கு ரோட்டில் விசில் கேட்டால் பிரேக்கில் கால் வைத்துத்தான் பழக்கம். கார் குலுங்கி நின்றது. எல் போர்டு முன்பக்கமாகச் சரிந்து கண்ணாடியில் விழுந்தது.

மகள் கதவைத் திறந்துகொண்டு குதித்தாள். "அப்பா! சரியாயிடுச்சா? எப்படிப்பா?"

"அது... ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட்" என்றார் கார்பெட்காரர், வெட்டிய துண்டோடு இறங்கி, அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே.

மச்சான் விடுகிற ஆளா? இறங்கி வந்து வேனுக்குள் தலையை விட்டார். சிவப்புக் கார்பெட்டின் நடுவே அரைவட்ட ஓட்டையையும் தகரத்தையும் பார்த்தார். பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். டங். மாப்பிள்ளையின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தார். அப்புறம் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பா? இஸ்திரி மடிப்பெல்லாம் கலைந்துபோயிற்று.

"கிளட்ச்சுக்கு மெத்த போட்டுத் தூங்க வச்சிருக்கீங்களே மாப்ள! நானும் ஷூவக் கழட்டிட்டு ஏறி, பிளேட்டு திரும்பிடுச்சுன்னு சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

"நான்தான் மச்சான். என் புத்திதான்" என்றார் கார்பெட்காரர், அசடு வழிய. ஆனால் அவருக்கு வெட்கமே இல்லை. கியர் பாக்ஸ் ஒழுங்கு, பிளேட் ஒழுங்கு, சிலிண்டர் ஒழுங்கு. தப்பு அவர் தொழிலில் நடந்த தப்பு. அதைக் கண்டுபிடித்ததும் அதே தொழில்தானே!

"ஏங்க, ஒரு மெத்த போதாதா? ரெண்டு எதுக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"தகரம் மேடுபள்ளமா இருந்துச்சே."

"வேனுக்கு யாரு வாசல்ல நின்னு லெவல் பாக்கப் போறாங்க!" என்று திட்டிவிட்டு, அவர் முகத்தைத் தன் துப்பட்டாவாலேயே துடைத்துவிட்டாள். அப்புறம் மகளைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் விடவே இல்லை. "அடுத்த வாரம் வந்துடறேன். சாப்பிடு நேரத்துக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பெட்டிகள் மறுபடி வேனுக்கு வந்தன. மச்சானே தூக்கி வைத்தார். வெட்டிய துண்டை என்ன செய்வது என்று கார்பெட்காரர் குப்பைத் தொட்டிப் பக்கம் பார்த்தபோது, மகள் அதைப் பிடுங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டாள். "விடுதித் தரை சிமென்ட்டாம்பா. கட்டிலுக்குப் பக்கத்துல போட்டுக்குவேன். காலைல எழுந்து முதல்ல இதுலதான் கால் வைப்பேன்."

"ஓரம் மடிச்சுத் தச்சுத் தரேன், பிரிஞ்சிடும்" என்றார்.

"அடுத்த தடவ வரும்போது தச்சுக் கொடுங்க."

ஊரைத் தாண்டி, வயல்வெளியைத் தாண்டி, ரோடு மெல்ல மேலே ஏற ஆரம்பித்தது. மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களைக் கார்பெட்டில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கார்பெட்காரரின் இடது கால் வெறும் தகரத்தில் இருந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் டங் என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்காகவே அவர் தேவையில்லாத இடத்தில்கூட இரண்டு மூன்று முறை கியர் மாற்றினார்.

மகள் சட்டைப் பையில் கையை விட்டு சார்ஜரை எடுத்து, போனில் செருகினாள். வீட்டுக்குள் இரண்டு முறை ஓடித் தேடிய அதே சார்ஜர்.

"அட, கிடைச்சிடுச்சா பாப்பா? எங்க இருந்துச்சு?"

"இங்கதான். பையிலதான்."

"அப்புறம் ஏன் உள்ள ஓடி ஓடித் தேடின? மாமா எவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருந்தாரு!"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்க எதையாவது கண்டுபிடிச்சுடுவீங்கன்னு தெரியும்பா. கொஞ்சம் நேரம் வேணும்ல உங்களுக்கு?"

முன்னால் ஒரு செங்குத்தான மேடு வந்தது. கார்பெட்காரர் கிளட்ச்சை அடிவரைக்கும் மிதித்து, கியரைக் குறைத்தார். பழைய வேன் முனகாமல் மேலே ஏறியது.